வெல்ஷ் மட்டக்குதிரையைக் கையில் பிடித்துக் காட்டுவது: பிடரி, வெள்ளைக் கயிறு, ட்வீட் கோட்

பின்னால் படிக்க வருபவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். கேட்டவர் குடும்பம் இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 14 வயது மகள் வார இறுதிகளில் பக்கத்துப் பண்ணையில் குதிரை வேலை பழகுகிறாள். பண்ணைக்காரர் தன்னுடைய இரண்டு வயது வெல்ஷ் செக்‌ஷன் ஏ பெண் குட்டியை (வேல்ஸின் சிறிய மலைக் குதிரை வகை) இந்தக் கோடையில் கவுண்டி ஷோ என்னும் வட்டாரக் கால்நடைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகிறார். "நீயே பிடித்துக் காட்டு" என்று சொல்லிவிட்டார். ஏறி ஓட்டுவது கிடையாது. கயிற்றைப் பிடித்து நடத்தி, ஓட்டி, நடுவர் முன்னால் நிறுத்துவது மட்டும். பிடரி மயிரைப் பின்ன வேண்டும் என்கிறார் ஒருவர், தொடவே கூடாது என்கிறார் இன்னொருவர். மகளுக்குக் கறுப்பு சூட்டா, ட்வீட் என்கிற முரட்டுக் கம்பளித் துணிக் கோட்டா என்பதிலும் அதே குழப்பம். குட்டிக்கு மேக்கப் போடலாமா என்றும் ஒரு சந்தேகம். எது சரி என்று கேட்டிருக்கிறார்.

இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. இதில் எது அச்சிட்ட விதி, எது வெறும் வழக்கம், தவறிப்போனால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களா என்ற பயம் அது. உடைக்காக யாரையும் வெளியே அனுப்பி நான் பார்த்ததில்லை. வேல்ஸில் ஒரு குதிரைப் பண்ணையில் பல ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன், அப்புறம் ஷோக்களில் ரிங் ஸ்டூவர்டாகவும், அதாவது குதிரைகளைக் காட்டும் ரிங்குக்குள் நடுவருக்கு உதவுபவராகவும், நின்றிருக்கிறேன். என் பழக்கம் முழுக்கக் கையில் பிடித்துக் காட்டும் வகுப்புகள்தான் (ஷோவில் ஒவ்வொரு போட்டிப் பிரிவையும் வகுப்பு என்பார்கள்). ஏறிக் காட்டும் வகுப்புகளைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வேலியோரம் நின்று பார்த்ததை வைத்துத்தான், அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதில். பிடரியை வரிசையாகப் பின்னி உருண்டை உருண்டையாகத் தைக்க வேண்டாம். குளம்புக்குக் கறுப்புப் பூச்சு வேண்டாம். வெள்ளைத் தலைக்கயிறு போதும். மகளுக்குக் கறுப்பு சூட் வேண்டாம். சட்டை, டை, அதன் மேல் ட்வீட் கோட்டோ வெயிஸ்ட்கோட்டோ (கையில்லாத உட்கோட்டு), ஓட வசதியான காலணி, தலையில் ஹெல்மெட். இவ்வளவுதான். ஏன் இப்படி என்று தெரிந்துகொண்டால் மற்ற சந்தேகங்களுக்கு யாரையும் கேட்க வேண்டியிருக்காது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிட்டனில் மட்டக்குதிரை ஷோ என்றால் இரண்டு தனித்தனி உலகங்கள். ஒன்று ஷோ போனி. மெலிந்த கால், பளபளக்கும் உடல், பின்னித் தைத்த பிடரி, நெற்றியில் வண்ண வெல்வெட் சுற்றிய பட்டை, பின்தொடையில் சீப்பால் போட்ட கட்டம் கட்டமான கோலம். ஏறியிருக்கும் பிள்ளைக்குக் கருநீலக் கோட். இன்னொன்று மலை, மேட்டுநில இனங்கள். வெல்ஷ், டார்ட்மூர், எக்ஸ்மூர், நியூ ஃபாரஸ்ட், ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட், ஷெட்லாண்ட், அயர்லாந்தின் கானமாரா, எல்லாம் இந்தப் பக்கம். இங்கே பின்னலும் கோலமும் வண்ணப் பட்டையும் கிடையாது. உங்களிடம் பிடரியைப் பின்னச் சொன்னவர் அநேகமாக முதல் உலகத்தைச் சேர்ந்தவர். அவர் சொன்னது பொய்யில்லை, வேறு குதிரைக்கானது.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்றால், உள்ளூர் இனங்களின் வகுப்பில் நடுவர் முதலில் பார்ப்பது "இந்தக் குதிரை தன் இனத்தைப் போல இருக்கிறதா" என்பதைத்தான். இந்த இனங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மலைக்கும் மழைக்கும் வேலைக்கும் ஏற்றபடி உருவானவை. ஃபெல், டேல்ஸ் இரண்டும் வட இங்கிலாந்தில் பொதி சுமந்தவை. டேல்ஸ் பெனைன் மலைகளில் ஈயச் சுரங்கங்களில் இருந்து சுமை இறக்கியது. ஹைலேண்ட் இன்றும் ஸ்காட்லாந்தின் சில எஸ்டேட்களில் வேட்டையாடிய மானை முதுகில் கட்டிக்கொண்டு மலையிறங்குகிறது. 1842இல் பெண்களையும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களையும் நிலத்தடிச் சுரங்க வேலையில் இருந்து சட்டம் விலக்கிய பிறகு, நிலக்கரிச் சுரங்கங்களுக்கு ஷெட்லாண்ட் குதிரைகளை வண்டி வண்டியாக வாங்கினார்கள். இந்த வேலைகளும் அந்தக் குளிரும்தான் இவற்றின் எலும்பையும் ரோமத்தையும் தீர்மானித்தன. ரோமத்தை வெட்டினால் நடுவர் பார்க்க வந்த பொருளையே வெட்டி எறிந்த மாதிரி.

எக்ஸ்மூரை அருகில் போய்ப் பாருங்கள், நான் சொல்வது புரியும். அதன் குளிர்கால ரோமம் இரண்டு அடுக்கு. உள்ளே பஞ்சு மாதிரி, சூட்டைப் பிடித்து வைக்க. வெளியே எண்ணெய்ப் பிசுக்குள்ள முரட்டு முடி, மழையை வழியவிட. வால் முளைக்கும் இடத்தில் விசிறி மாதிரிக் குட்டை முடி ஒரு கற்றை இருக்கும். மழையும் பனியும் பின்பக்கத்தில் இடுக்குக்குள் இறங்காமல் இரண்டு பக்கமும் சிதறி வடிய அதுதான் வழி செய்கிறது. கண்ணைச் சுற்றித் தடித்த சதை மேடு, மூக்கைச் சுற்றி மாவு பூசியது போல வெளிறிய நிறம், உடம்பில் எங்கும் வெள்ளைக் குறி இல்லாமை, இவையெல்லாம் அந்த இனத்தின் அடையாளங்கள். பளபளப்புக்காக நாலு நாள் ஷாம்பு போட்டுத் தேய்த்து, வால் உச்சியைக் கத்தரித்து ஒழுங்குபடுத்திக் கொண்டுவந்தால் நடுவருக்குப் பார்க்க என்ன மிஞ்சும்?

ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட் மூன்றுக்கும் கணுக்காலில் இருந்து குளம்பு வரை தொங்கும் நீண்ட முடி உண்டு, ஃபெதர் என்பார்கள். அதை வெட்டுவது கிடையாது. பிடரியும் வாலும் விழுந்தபடியே இருக்கும். 2022 செப்டம்பர் 19 அன்று எலிசபெத் அரசியின் இறுதி ஊர்வலம் விண்ட்சருக்குள் நுழைந்தபோது, நீண்ட சாலையோரம் ஒரு கறுப்புக் குதிரை சேணத்தோடு நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அரசி ஏறி வந்த எம்மா அது, ஃபெல் இனம். உலகமே பார்த்துக்கொண்டிருந்த நாளிலும் அதன் பிடரியை யாரும் பின்னவில்லை.

சரி, உங்கள் வெல்ஷ் குட்டிக்கு வருவோம். வெல்ஷ் குதிரைகளின் வம்சப் பதிவேட்டை 1901இல் தொடங்கிய வெல்ஷ் போனி அண்ட் காப் சொசைட்டி வைத்திருக்கிறது. அதில் நான்கு பிரிவுகள். செக்‌ஷன் ஏ என்பது மலைக் குதிரை, 12 கை உயரத்துக்கு மேல் போகக் கூடாது. கை என்பது 4 அங்குலம், ஆக 48 அங்குலம், கிட்டத்தட்ட 122 சென்டிமீட்டர். பி சவாரிக்கான மட்டக்குதிரை. சி, டி இரண்டும் காப் வகை, எலும்பு கனமானவை. சி, டி குதிரைகளுக்குக் கணுக்கால் முடியை விட்டுவிடுவார்கள். ஏ, பி குதிரைகளுக்குக் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவது வழக்கத்தில் இருக்கிறது: தாடையடியில் தொங்கும் பூனைமுடி, காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, குதிகாலில் உள்ள கற்றை. பிடரி ரொம்ப அடர்த்தியாக இருந்தால் அடியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கி மெலிதாக்குவதும் உண்டு. கத்தரிக்கோலால் நேர்க்கோடு போட்ட மாதிரி வெட்டினால் பத்தடி தள்ளி நின்றாலே தெரிந்துவிடும். காதுக்குள் இருக்கும் முடியைத் தொடவே தொடாதீர்கள், ஈயும் பூச்சியும் நுழையாமல் தடுப்பது அதுதான். மீசை முடியும் அப்படித்தான். இருட்டிலும் தீவனத் தொட்டியிலும் குதிரை அதை வைத்துத்தான் தடவிப் பார்க்கிறது. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2021இல் இருந்து தன் போட்டிகளில் மீசை முடியையும் கண்ணைச் சுற்றிய உணர்முடியையும் மழித்த குதிரைகளை அனுமதிப்பதில்லை. கவுண்டி ஷோ அந்த அமைப்பின் கீழ் வராது என்றாலும் காரணம் ஒன்றுதான்.

பிடரியைப் பின்னக் கூடாது என்றேன், அதில் ஒரு விலக்கு உண்டு. வெல்ஷ் குதிரைகளுக்குக் காதுக்குச் சற்றுப் பின்னால் ஒரே ஒரு மெல்லிய பின்னல் போடுவார்கள். ஒரு விரலில் பாதித் தடிமன்கூட இருக்காது. தொண்டையும் கழுத்தும் சேரும் வளைவு நடுவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்பதற்காக. இது கட்டாயமில்லை. பெண் குதிரைக்கு மட்டும்தான் போட வேண்டும் என்பவர்களும், எல்லாவற்றுக்கும் போடலாம் என்பவர்களும், பழைய பழக்கம், விட்டுவிடலாம் என்பவர்களும் ஒரே ரிங்கில் நிற்பதைப் பார்க்கலாம். உங்களுடையது பெண் குட்டி என்பதால் போட்டாலும் பழுதில்லை, போடாவிட்டாலும் பழுதில்லை. பண்ணைக்காரர் வீட்டு வழக்கம் எதுவோ அதன்படி செய்யுங்கள்.

குட்டி என்ன நிறம் என்று நீங்கள் எழுதவில்லை. செக்‌ஷன் ஏ-யில் வெள்ளைச் சாம்பல் நிறம்தான் கண்ணில் அதிகம் படும். 1894இல் பிறந்த டையால் ஸ்டார்லைட் என்ற புகழ்பெற்ற சாம்பல் குதிரையின் வழி அந்த நிறம் இனமெங்கும் பரவிவிட்டது. அழகுதான், ஆனால் பராமரிப்பவர் பாடு திண்டாட்டம். சாணிமேல் படுத்து எழுந்தால் பச்சைக் கறை ஒட்டிக்கொள்ளும். ஷோவுக்கு முந்தைய நாள் உடம்பைக் கழுவிக் காயவைத்து, இரவு மெல்லிய துணிப்போர்வை போட்டுவிடுங்கள். பிடரியையும் வாலையும் இரண்டு மூன்று நாள் முன்னதாகவே கழுவிவிட்டால் நல்லது. அன்றே கழுவினால் முடி வழுக்கிக்கொண்டு பறக்கும், அந்த ஒற்றைப் பின்னல்கூட நிற்காது. மே மாத ஷோ என்றால் இரண்டு வயதுக் குட்டியிடம் குளிர்கால ரோமம் மிச்சமிருக்கும். அதை மெஷின் வைத்து வழித்தால் நிறம் மங்கி வெல்வெட் துணி மாதிரி ஆகிவிடும். ரப்பர் சீப்பைக் கையில் எடுத்துத் தினமும் வட்டமாகத் தேய்த்து உதிர்ப்பதுதான் வழி. தோள் வலிக்கும், மகளுக்குச் சொல்லி வையுங்கள். குளம்பைத் தேய்த்துக் கழுவி நிறமில்லாத எண்ணெய் தடவினால் போதும். அந்த வயதில் இலாடம் தேவையில்லை, குளம்பைச் சீவி ஒழுங்காக வைத்திருந்தால் சரி.

மேக்கப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூக்குக்குக் கறுப்பு, கண்ணைச் சுற்றி எண்ணெய்ப் பளபளப்பு, வெள்ளைக் கால்களுக்குச் சாக்கட்டி. இதைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், செய்து பரிசு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். சில அமைப்புகள் வெளிப்படையாகவே தடை செய்கின்றன, சில கண்டுகொள்வதில்லை. என் கருத்து, இரண்டு வயதுக் குட்டிக்கு இதெல்லாம் அநாவசியம். நடுவர் மூக்கைத் தடவிப் பார்க்கும்போது கையில் கறுப்பு ஒட்டினால் அவர் முகம் போகிற போக்கை நான் பார்த்திருக்கிறேன்.

அலங்காரம் என்றதும் யாரும் பேசாத விஷயம் ஒன்று இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியம். எடை. மலையில் புல்லும் புதரும் மேய்ந்து, குளிரில் இளைத்து, வசந்தத்தில் தேறி வாழ்ந்த உடம்பு இவற்றுக்கு. கொஞ்சம் தின்றாலே சதை போடும். சமவெளியின் கொழுத்த புல்லில் விட்டு, ஷோவுக்கென்று தீவனமும் கூட்டினால் கழுத்து மேட்டில் கொழுப்பு கட்டியாக ஏறிவிடும். இப்படிக் கொழுத்த மட்டக்குதிரைகளைத்தான் லேமினைட்டிஸ் சுலபமாகப் பிடிக்கும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு வீங்கித் தளர்கிற நோய் அது. முற்றினால் குதிரை காலை ஊன்ற முடியாமல் நின்ற இடத்திலேயே நிற்கும். ஷோ உலகத்தில் கொழுத்த குதிரைக்கு ரிப்பன் கொடுக்கிற கெட்ட பழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. கால்நடை மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லியும் முழுசாக மாறவில்லை. கொழுப்பு குறைகளை மறைக்கும், தோளும் இடுப்பும் உருண்டையாகத் தெரியும், அதனால்தான் விடமாட்டேன் என்கிறார்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கை வைத்து லேசாக அழுத்தினால் தட்டுப்பட வேண்டும். "இன்னும் கொஞ்சம் சதை ஏற்று" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

தலைக்கயிறு பற்றி. வெல்ஷ் இளம் குதிரைகளையும் பெண் குதிரைகளையும் வெள்ளைப் பருத்தி நாடாவால் ஆன ஹால்ட்டரில் காட்டுவதுதான் மரபு. ஃபெல், டேல்ஸ், ஹைலேண்ட் வகுப்புகளிலும் அதைப் பார்க்கலாம். பண்ணையில் மாட்டுக்கும் குதிரைக்கும் சந்தைக்கும் ஒரே கயிறு வைத்திருந்த விவசாயிகள், ஷோ நாளில் அதையே வெளுத்துப் போட்டிருப்பார்கள், அது அப்படியே மரபாகிவிட்டிருக்கும் என்பது என் ஊகம். பொலிகுதிரைகளுக்கு வேறு கணக்கு. வளர்ந்த ஆண் குதிரையை வாயில் இரும்பு போட்ட தோல் கடிவாளத்தோடுதான் கொண்டுவர வேண்டும் என்று பெரும்பாலான ஷோக்கள் கேட்கின்றன. அது அழகுக்காக அல்ல, பக்கத்தில் நிற்பவர்கள் உயிருக்காக. உங்கள் குட்டிக்கு அந்தப் பிரச்சினை இல்லை.

வெள்ளை ஹால்ட்டரில் கவனிக்க ஒன்று இருக்கிறது. மூக்கைச் சுற்றி வரும் வளையம் இழுத்தால் இறுகும்படி ஓடுகிற வளையம். குட்டி பின்வாங்கி இழுத்தால் மூக்கெலும்பை நெரிக்கும். அதனால் இடது பக்கம், நாடா வளையத்துக்குள் நுழைந்து வெளியே வரும் இடத்தில், ஒரு முடிச்சுப் போட்டு அளவை நிறுத்திவிடுவார்கள். மூக்குப்பட்டை கன்ன எலும்புக்குக் கீழே இரண்டு விரல் இடம் விட்டு உட்கார வேண்டும். இன்னும் கீழே இறங்கினால் மூச்சு விடும் மெல்லிய பகுதியை அமுக்கும். முதல் நாள் இரவு சோப்புத்தூளில் ஊறவைத்து அலசிக் காயப்போடுங்கள். ஷோவுக்குப் போகும் வழியில் வேறு பழைய ஹால்ட்டர் போட்டு, ரிங்குக்குள் நுழையும் முன் இதை மாற்றுங்கள். வெள்ளைக் கயிற்றில் பச்சைக் கறையோடு போய் நிற்பது, சட்டை காலரில் குழம்புக் கறையோடு கல்யாணத்துக்குப் போன மாதிரி இருக்கும்.

இனி மகளுக்கு உடை. ட்வீட் ஏன் என்றால், அது கிராமத்து வேலை உடுப்பு. ஸ்காட்லாந்து எஸ்டேட்களில் மலையேறும் ஆட்கள் உடுத்தியது, இங்கிலாந்தில் நரிவேட்டைப் பருவம் முறைப்படி தொடங்குவதற்கு முந்தைய இலையுதிர் மாதங்களில் சவாரிக்குப் போட்டது. கருநீலமும் கறுப்பும் முறைப்படியான உடை. ஷோ போனிக்கும் பெரிய குதிரை வகுப்புகளுக்கும் அது சேரும். ஒப்பனையில்லாத மலைக் குதிரைக்குப் பக்கத்தில் பளபள கறுப்பு சூட் போட்டு நின்றால் ஆள்தான் கண்ணில் படுவார். நடுவர் கண் குதிரைமேல் இருக்க வேண்டும், பிடித்திருப்பவர் பக்கவாத்தியம். ஏறிக் காட்டும் உள்ளூர் இன வகுப்புகளிலும் இதே சாயல்தான்: ட்வீட் கோட், வெளிர் மஞ்சள் ஜோத்பூர், பழுப்புத் தோலில் அலங்காரமில்லாத கடிவாளமும் சேணமும். அந்த ஜோத்பூர் கால்சட்டை 1897இல் விக்டோரியா அரசியின் வைர விழாவுக்கு வந்த சர் பிரதாப் சிங்கின் கூட்டத்தோடு ராஜஸ்தானில் இருந்து இங்கே இறங்கியது என்பது பலருக்குத் தெரியாது. இங்கே அதைச் சுத்தமான ஆங்கிலேய உடை என்றுதான் நினைக்கிறார்கள்.

கையில் பிடித்துக் காட்டும்போது ஜோத்பூரோ, கருநீலம், பழுப்பு, வெளிர் மஞ்சள் நிறத்தில் சாதாரணக் கால்சட்டையோ எதுவும் சரி. ஜீன்ஸ் வேண்டாம். வெள்ளை அல்லது வெளிர் நிறச் சட்டை, டை. வெயில் அடித்தால் ட்வீட் கோட்டில் பிள்ளை வெந்துவிடும், வெயிஸ்ட்கோட் போதும். வேல்ஸில் காப் குதிரைகளை ஓட்டுகிறவர்களைப் பாருங்கள், பெரும்பாலும் சட்டை, டை, வெயிஸ்ட்கோட்டோடுதான் வருவார்கள், காலில் ஓடும் காலணி. ஜூலையில் லானெல்வெத் ஊரில் நடக்கும் ராயல் வெல்ஷ் ஷோவுக்கு ஒரு முறை போய்வாருங்கள். 1963இல் இருந்து அங்கேதான் நிரந்தரமாக நடக்கிறது. செக்‌ஷன் டி பொலிகுதிரைகள் ஓடும்போது கூட்டம் போடுகிற சத்தம் நம்மூர் ஜல்லிக்கட்டுக் கூட்டத்துக்குக் குறையாது. அந்தக் குதிரையின் ஓட்டத்துக்கு ஈடுகொடுத்து மனிதன் ஓட வேண்டும், அதற்கு அழகான தோல் பூட்ஸ் உதவாது. உங்கள் மகளுக்கும் அடியில் பிடிமானம் உள்ள கருப்பு அல்லது பழுப்பு நிறக் காலணி எதுவானாலும் சரி. காலைப் பனியில் புல் நனைந்திருக்கும், வழவழ அடிப்பாகம் வழுக்கும்.

ஹெல்மெட் விஷயத்தில் விவாதமே வேண்டாம். பெரியவர்கள் ட்வீட் தொப்பியோ ஃபெல்ட் தொப்பியோ போட்டு வருவார்கள், பார்க்க நன்றாக இருக்கும். 18 வயதுக்குட்பட்டவர்கள் கையில் பிடித்துக் காட்டும்போதும் தாடைப்பட்டையோடு கூடிய ஹெல்மெட் போட வேண்டும் என்று பல ஷோக்களில் விதியே இருக்கிறது. இல்லாத ஷோவிலும் போடச் சொல்லுங்கள். இரண்டு வயதுக் குட்டி, ஒலிபெருக்கி, பறக்கும் கூடாரத் துணி, மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. கையுறை கட்டாயம், பழுப்பு நிறத்தில். கயிறு உருவிக்கொண்டு ஓடினால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். கையில் சின்னப் பிரம்பு வைத்திருப்பார்கள். அடிக்க அல்ல, நீட்டிக் காட்டி நகர்த்த. முடியைச் சேர்த்துப் பின்னி வலையில் அடக்க வேண்டும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை: அன்று வளையல், தொங்கட்டான், மோதிரம் எதுவும் வேண்டாம், மல்லிகைப்பூவும் வேண்டாம். வளையலில் கயிறு சிக்கினால் கை போய்விடும். குட்டிக்குப் பூ என்றால் தின்னும் பொருள்.

பெண்கள் பாவாடை உடுத்தலாமா, பூ வைத்த தொப்பி போடலாமா என்று இன்னொருவரும் கீழே கேட்டிருந்தார். சின்னப் பிள்ளைகள் ஏறியிருக்க, பெரியவர் பிடித்து நடத்தும் லீட் ரெய்ன் வகுப்பில், ஷோ போனிப் பக்கம் அம்மாக்கள் பட்டுப்போன்ற உடையும் பெரிய தொப்பியுமாக வருவதுண்டு. உள்ளூர் இனங்களுக்கான லீட் ரெய்ன் வகுப்பில் ட்வீட் பாவாடை, ட்வீட் கோட், சின்ன ஃபெல்ட் தொப்பி. இதெல்லாம் வழக்கம்தான், ஒரு ஊரில் இருப்பது அடுத்த ஊரில் இருக்காது. அந்த வகுப்பில் கயிறு கடிவாளத்தின் மூக்குப்பட்டையில்தான் கோக்கப்பட வேண்டும், வாய் இரும்பில் அல்ல. பிள்ளை கையில் லகான் இருக்கும்போது பெரியவர் வேறு வாயை இழுக்கக் கூடாது அல்லவா.

சூட்டுக்கு வைத்திருந்த காசை மிச்சம் பிடியுங்கள். ட்வீட் கோட் பழையதே போதும். பிள்ளைகள் ஒவ்வொரு வருஷமும் வளர்வதால் குதிரைக்காரர்கள் வீடுகளில் கைமாறிக்கொண்டே இருக்கும், பண்ணைக்காரரிடம் கேட்டால் யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் இருந்து வரும். அந்த நேரத்தைக் குட்டிக்கு ஓடக் கற்றுக்கொடுப்பதில் செலவழியுங்கள். புதிதாக வருகிறவர்கள் உடையில் தோற்பதில்லை, இங்கேதான் தோற்கிறார்கள். குட்டி பின்னால் இழுபட்டு வரும், இவர்கள் முன்னால் குனிந்து இழுப்பார்கள், நடுவருக்கு ஒன்றும் தெரியாது. மகள் குட்டியின் இடது தோளுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். வலது கை தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடிக்கும், மிச்சக் கயிறு எட்டுப்போல மடித்து இடது கையில் இருக்கும். கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. திரும்பும்போது குட்டியைத் தன் பக்கம் இழுக்காமல், தனக்கு அப்பால், வலது பக்கமாகத் தள்ளித் திருப்ப வேண்டும். அப்போதுதான் குட்டி காலை மிதிக்காது, நடுவர் பார்வையையும் மறைக்காது. நிறுத்தும்போது நடுவர் நிற்கும் பக்கத்து முன்னங்கால் ஒரு சாண் முன்னால், அதே பக்கத்துப் பின்னங்கால் கொஞ்சம் பின்னால் இருந்தால் நான்கு கால்களும் தெரியும். தினமும் பத்து நிமிடம், சுவரோரம் வைத்துப் பழகினால் போதும், இரண்டு வயதுக் குட்டிக்கு அதற்கு மேல் பொறுமை இருக்காது.

நான் சொன்னதில் உறுதியானவை: இந்த வகுப்பில் பிடரியை வரிசையாகப் பின்னுவதில்லை, வண்ண நெற்றிப்பட்டை கிடையாது, காட்டும் குதிரை இனப் பதிவேட்டில் இருக்க வேண்டும், பாஸ்போர்ட் என்கிற குதிரையின் அடையாளப் புத்தகம் இல்லாமல் பிரிட்டனில் எந்தக் குதிரையையும் வண்டியேற்றக் கூடாது. ஆளுக்கு ஆள் மாறுபவை: ஒற்றைப் பின்னல், குதிகால் முடியை எவ்வளவு எடுப்பது, வெயிஸ்ட்கோட்டா கோட்டா, தொப்பி. நியூ ஃபாரஸ்ட், கானமாரா இரண்டிலும் இந்த மாறுபாடு இன்னும் அதிகம். பின்னல் கிடையாது என்பதில் எல்லோரும் ஒன்று, கத்தரிக்கோல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பதில் உண்டு. ஷெட்லாண்டுக்கு எதுவும் வெட்டாமல் விடுவதே நல்லது. இவை எல்லாவற்றுக்கும் மேல், அந்த ஷோ வெளியிடும் ஷெட்யூல், அதாவது வகுப்புகளும் விதிகளும் அடங்கிய கையேடு, சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதில் ஹெல்மெட், ஆண் குதிரைகளுக்கான கடிவாளம், பிடிப்பவரின் வயது பற்றி ஒரு பக்கம் இருக்கும். நான் எழுதியதற்கு மாறாக அதில் இருந்தால் அதையே கேளுங்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். பெயர் கொடுக்கும் கடைசித் தேதி ஷோவுக்குப் பல வாரம் முன்னாலேயே முடிந்துவிடும். பண்ணைக்காரர் கொடுத்துவிட்டாரா என்று இன்றே கேட்டுவிடுங்கள். அன்று அலுவலகத்தில் எண் எழுதிய அட்டை கொடுப்பார்கள், அதை முதுகுப்பக்கம் இடுப்பில் கட்ட வேண்டும். அவர்கள் தரும் வெள்ளை நூல் நடுவழியில் அறுந்துபோகும், வீட்டில் இருந்தே கோட் நிறத்தில் ஒரு கெட்டி நாடா கொண்டுபோங்கள். முதல் பரிசு ரிப்பன் சிவப்பு, இரண்டாவது நீலம். அமெரிக்காவில் இருந்து படம் பார்க்கும் சொந்தக்காரர்கள் தலைகீழாகப் புரிந்துகொள்வார்கள், அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஷெட்யூல் கைக்கு வந்ததும் இளம் குதிரைகளுக்கான பக்கத்தை மட்டும் இங்கே தட்டச்சு செய்து போட்டால், வகுப்பு சரிதானா என்று பார்த்துச் சொல்கிறேன்.